திருவிழாவின் ஓர் இரவை ஆட்டத்துக்குத் தாருங்கள்

இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களின் கோயில் திருவிழாக் குழுவினருக்கு,

மதிப்புக்குரிய தலைவர்மாரே, பெரியப்பாமாரே, மாமாமாரே, அண்ணன்மாரே,



எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழாக் கூட்டம் கூடுகிற காலம் இது. கரகம் எந்த நாள், தேர் எந்த வழி, அன்னதானத்துக்கு அரிசி யார் பொறுப்பு என்று பேசி முடித்த பிறகு கடைசியில் ஒரு பேச்சு எழும்புகிறது: "இந்த முறை டீஜே வேண்டாம்." சொல்பவர்கள் காரணத்தோடுதான் சொல்கிறார்கள். பொடியன்கள் குடித்துவிட்டு வருகிறார்கள். சண்டை வருகிறது. நெஞ்சு அதிரும் சத்தத்தில் பச்சைப்பிள்ளைகள் தூங்க முடிவதில்லை. சாமி இறங்குகிற இடத்தில் இந்தப் பாட்டெல்லாம் எதற்கு என்று பெரியவர்கள் மனம் நோகிறார்கள். இவற்றில் எதையும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. குடிக்கும் சண்டைக்கும் பரிந்து பேசவும் வரவில்லை. அந்த இசைக்காகப் பேச வந்திருக்கிறேன். அதற்கு ஆட ஆசைப்பட்டும் ஆட முடியாமல் ஓரத்தில் நிற்கிற எங்களுக்காகவும் பேச வந்திருக்கிறேன்.

நான் காவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்தும் எடுத்தவர், ரப்பர் மலையில் பாலும் வெட்டியவர். இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்ற கால்களோடு இரவில் அறைக்குத் திரும்பும்போது காதில் மாட்டிக்கொள்வது இந்த ஆட்டப் பாட்டுகளைத்தான். தமிழ், சிங்களம், ஹிந்தி, ஆங்கிலம் என்று பார்ப்பதில்லை. அடி நேராக இருக்க வேண்டும், மெட்டு நாக்கில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். சோகப் பாட்டு கேட்பவர்களை எல்லோரும் ரசிகர் என்கிறார்கள். ஆட்டப் பாட்டு கேட்பவர்களை விளையாட்டுப் பிள்ளைகள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. சந்தோஷத்தைச் செய்வதற்கும் கைத்தேர்ச்சி வேண்டும்.

அந்தத் தேர்ச்சி எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன், கொஞ்சம் கேளுங்கள். டிஸ்கோவின் உயிர் அதன் அடியில் இருக்கிறது. நாலு எண்ணிக்கை, ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு கனத்த அடி. இடைவெளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நிமிடத்துக்கு 120 அடி என்பது வழக்கமான வேகம். வேகமாக நடக்கிற மனிதரின் காலடியும் ஏறத்தாழ அந்த வேகம்தான், அதனால்தான் கேட்ட உடனே கால் அதைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது அடியிலும் நாலாவது அடியிலும் ஒரு கைதட்டல். அடிக்கும் அடிக்கும் நடுவில் சிறு வெண்கலத் தாளத்தின் ஒலி. கீழே பேஸ் ஒரே சுரத்தைத் தாழ்ந்த நிலையிலும் மேல் நிலையிலும் மாறி மாறித் தொட்டுக் குதிக்கும். இவ்வளவுதான் எலும்பு. இதன் மேல் வரும் மெட்டு சின்னது. நாலு வரிக்குள் முடிந்து திரும்ப வரும். இரண்டாவது தடவை வருவதற்குள் வாய் தானாகப் பாடிவிடும்.

புது எலெக்ட்ரோனிக் டிஸ்கோவில் இன்னொரு வேலைப்பாடு உண்டு. கனத்த அடி விழும் ஒவ்வொரு கணமும் மற்ற ஒலிகளையெல்லாம் கணினி சற்று அமுக்கி, உடனே விட்டுவிடுகிறது. அதனால் பாட்டு முழுவதும் மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்குகிறது. பிறகு ஓர் இடத்தில் அடியை முற்றாக நிறுத்திவிடுவார்கள். மெட்டு மட்டும் மேலே மேலே ஏறிக்கொண்டு போகும். கூட்டம் காத்திருக்கும். அடி திரும்பி விழுகிற நொடியில், ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாத ஆட்கள் எல்லோரும் சேர்ந்து எம்புவார்கள். சாமியாடிக்கு முன்னால் உருமி அடங்கி, பிறகு சட்டென்று எழும்பும்போது கூட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். அந்த உருமியும் இந்த டிஸ்கோவும் உடம்போடு பேசுகிற முறை ஒன்றுதான்.

வேறோர் அடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் தோட்டங்களில் முன்னொரு காலத்தில் விடிவதற்கு முன்பே தப்பு ஒலிக்கும், பிரட்டுத் தப்பு. அது கேட்டதும் எழும்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நீள்கவிதையின் தொடக்கத்திலேயே அந்த விடியற்காலை முரசு ஒலிக்கிறது. அந்த அடி விழுந்தது துரைக்காக, கணக்குக்காக. அதே தப்பு மாசி மாதத்துக் காமன் கூத்தில் இரவிரவாக விழுந்தபோது அது நமக்காக விழுந்தது. ரதியும் மன்மதனும் ஆடினார்கள், மன்மதன் எரிந்தான், மறுபடி எழுந்தான். நாளெல்லாம் மலையில் குனிந்து நின்ற சனம் நிமிர்ந்து நின்று பார்த்தது. வேலைக்கு விரட்டிய அதே தோல்கருவியை இரவில் ஆட்டத்துக்குத் திருப்பிக்கொண்ட சனங்களின் பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு அடி பிடிக்கும் என்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

டிஸ்கோ மேல்நாட்டுப் பணக்காரர்களின் கூத்து என்று சிலர் நினைக்கிறார்கள். அது பிறந்த விதத்தைப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் கறுப்பின மக்களும், லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களும், ஆணை விரும்பிய ஆண்களும் பெண்ணை விரும்பிய பெண்களும் நிம்மதியாகக் கூடி ஆட இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. 1970இல் டேவிட் மன்குசோ என்பவர் தான் குடியிருந்த இடத்திலேயே ஆட்ட இரவுகளைத் தொடங்கினார். அப்படிப்பட்ட வீடுகளிலும் பழைய கிடங்குகளிலும் இரவு முழுக்க அடி நிற்காமல் பாட்டோடு பாட்டை ஒட்டிப் போடும் பழக்கம் வளர்ந்தது. இன்று நம் பஸ்களில் ஓடுகிற நொன்ஸ்டொப்புக்கு அதுதான் மூதாதை.

1977இல் டோனா சமர் என்ற கறுப்பினப் பாடகி 'ஐ ஃபீல் லவ்' பாடினார். ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஜோர்ஜியோ மொரோடரும் பீட் பெலோட்டும் சேர்ந்து உருவாக்கிய பாட்டு. வயலினும் இல்லை, கிட்டாரும் இல்லை. ஏறக்குறைய எல்லாமே மூக் சிந்தசைசர் என்ற மின்கருவியின் ஒலி. இன்றைய எலெக்ட்ரோனிக் ஆட்ட இசை முழுவதும் அதற்குக் கடன்பட்டது. அதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அந்தக் கனத்த அடியை மட்டும் அந்த இயந்திரத்தால் திருப்தியாகத் தர முடியவில்லை. கீத் ஃபோர்சி என்ற ட்ரம் கலைஞர் உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை அந்த ஒரே அடியைப் பிசகாமல் அடித்துக் கொடுத்தார். இயந்திர இசையின் தாய்ப் பாட்டு என்று உலகம் கொண்டாடுகிற பாட்டின் நடுவில் ஒரு மனிதரின் உழைப்பு இருக்கிறது. நம் தப்புக்காரரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஃபோர்சியும் நினைவுக்கு வருகிறார்.

இதை வெறுத்தவர்களும் இருந்தார்கள். 1979 ஜூலை 12ஆம் தேதி சிக்காகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்போல் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் புகுந்து ரகளை செய்ததால் அன்று நடக்க வேண்டிய இரண்டாவது ஆட்டமே கைவிடப்பட்டது. டிஸ்கோ செத்தது என்றார்கள். அதே சிக்காகோவில், வேர்ஹவுஸ் என்ற ஆட்டக் கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டீஜே அதே நாலு அடியை விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் ஹவுஸ் இசை எழுந்து உலகம் முழுக்கப் போனது. தடை போட்டு இதை நிறுத்தியவர்கள் எங்கேயும் இல்லை.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு பெருமை இருக்கிறது, பலர் அறியாதது. 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர், ஹிந்தி சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துப் பிழைத்தவர், ஒரு தனித் தட்டைப் பதிவு செய்தார். பத்து ராகங்களை டிஸ்கோ அடியில் வாசித்திருந்தார். கையில் அவர் வைத்திருந்தவை ரோலண்ட் கொம்பனியின் மூன்று மின்கருவிகள்: அடிக்கு 808, பேஸுக்கு 303, ராகத்துக்கு ஜூப்பிட்டர் 8. கர்நாடக இசையில் கல்யாணி என்று நாம் அறிந்த யமனும், ஹிந்தோளமாக அறிந்த மால்கௌன்ஸும் அதில் உண்டு. தட்டு விற்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1987இல், சிக்காகோ இளைஞர்கள் அதே 303 கருவியை முறுக்கித் திருப்பி 'ஆசிட் ஹவுஸ்' என்று புது இசை கண்டார்கள் என உலகம் கொண்டாடியது. 2010இல் சரண்ஜித்தின் தட்டு மறுபடி வெளியானபோதுதான், இதைப் போன்ற ஒலியை இந்த மனிதர் பம்பாயில் முன்பே வாசித்துவிட்டாரே என்று எல்லோரும் திகைத்தார்கள். அவர் 2015இல் மறைந்தார். கடைசிக் காலத்தில் வெளிநாட்டு மேடைகளில் இளைஞர் கூட்டத்துக்கு நடுவே வாசிக்கிற வாய்ப்பு அவருக்குக் கிடைத்ததை நினைத்து நான் மகிழ்கிறேன். ராகத்துக்கும் டிஸ்கோவுக்கும் பகை இல்லை என்று அந்தத் தட்டைக் கேட்ட எவரும் ஒப்புவார்கள்.

தமிழில் இது எப்படி வந்தது என்பது உங்களுக்கே தெரியும், ஏனென்றால் அது உங்கள் இளவயது. 1979இல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்துக்கு எம்.எஸ்.விஸ்வநாதன் போட்ட பாட்டுகள், 1982இல் 'சகலகலா வல்லவன்' படத்தில் இளையராஜாவின் புத்தாண்டுப் பாட்டு. ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் இன்றும் அது ஒலிக்கிறது. அதே 1982இல் பப்பி லஹிரியின் இசையில் 'டிஸ்கோ டான்சர்' வந்தது, தெருவில் பாடிப் பிழைத்த ஏழைப் பையன் மேடை ஏறுகிற கதை. 1985இல் அது 'பாடும் வானம்பாடி' என்று தமிழுக்கு வந்தபோது ஆனந்த் பாபு ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு லயத்து வாசலில் கால் வெட்டி ஆடியவர்கள் இன்று உங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். அம்மா பெயர் சொல்லிச் சொல்வார். நான் இங்கே எழுதவில்லை. பிறகு ரஹ்மான் வந்தார். 1993இல் 'திருடா திருடா', 1994இல் 'காதலன்'. அதன் பிறகு நம் பிள்ளைகளுக்குக் கணினி அடி அந்நியமாகவே இல்லை. 2024இல் சாய் அபயங்கர் என்ற இளைஞர் படம் எதுவும் இல்லாமல் 'கட்சி சேர', 'ஆச கூட' என்று இரண்டு தனிப் பாட்டுகளை வெளியிட்டார். அவை இல்லாத கல்யாண வீட்டை நான் அந்த வருஷம் பார்க்கவில்லை.

இலங்கையில் நமக்கு இதைவிடப் பழைய சொத்து ஒன்று இருக்கிறது: பொப்பிசை. ஏ.ஈ.மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பைலாவின் துள்ளலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். பைலாவின் கணக்கு டிஸ்கோவின் நேர் நாலு இல்லை; ஆறு எண்ணிக்கையில் உருண்டு வருவது, இடுப்பு தானாக அசைவது. 'சுராங்கனி'யைப் பாடாத சிங்களவரும் இல்லை, தமிழரும் இல்லை. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் இறந்தபோது இந்த நாட்டின் இரண்டு மொழிக்காரரும் துக்கப்பட்டார்கள். 2021இல் யொஹானியும் சதீஷனும் பாடிய 'மெனிகே மகே ஹிதே' இந்தியா முழுவதும் பரவியதே, அதற்குப் பின்னாலும் இந்த நீண்ட துள்ளல் மரபு இருக்கிறது. இரத்தினபுரியில் நாம் நுவரெலியாவைப் போலப் பெருந்தொகையாக வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக இருக்கிறோம். அயல் வீட்டுப் பிள்ளையும் எங்கள் வீட்டுப் பிள்ளையும் யோசிக்காமல் சேர்ந்து பாடுகிற பாட்டு எது என்று பார்த்தால், அது எப்போதும் ஓர் ஆட்டப் பாட்டாகத்தான் இருக்கிறது.

இனி, நம் கதையையே சொன்ன பாட்டுக்கு வருகிறேன். 2021 மார்ச் 7ஆம் தேதி 'எஞ்சாயி எஞ்சாமி' வெளியானது. பாடியவர்கள் தீயும் அறிவும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். தீ இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண். அறிவு அரக்கோணத்துக்காரர், அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இந்த நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பியவர். அந்தப் பாட்டிதான் பாட்டின் கரு. காணொளியிலும் வந்து உட்காருகிறார். 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் சனத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றும் 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை தருவது என்றும் முடிவானது. அந்த எண்களுக்குள் நம் வீட்டுப் பாட்டிமாரின் அக்காமாரும் தங்கைமாரும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படிப் போனவர்கள் உண்டு. கடிதம் வந்தது, பிறகு நின்றது.

இந்தப் பாட்டை முதல் தடவை அம்மாவுக்கு என் போனில் போட்டுக் காட்டியபோது அவர் அழவில்லை. எழும்பி நின்று கைதட்டினார். அந்தப் பாட்டின் வெற்றி அதுதான் என்று நினைக்கிறேன். காடு திருத்தியவர்களுக்கு நிலம் இல்லாமல் போன கதையை ஒப்பாரியின் சாயலோடு சொல்கிறது, ஆனால் கால் நிற்க மாட்டேன் என்கிறது. டீஜே ஸ்னேக் என்ற பிரெஞ்சுக்காரர் அதை எடுத்து இன்னும் கனமான அடி போட்டு ஆட்டக் கூடங்களுக்கென்றே மறுபடி செய்தார். உலகத்தின் எந்த மூலையிலோ, தோட்டம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகள் வள்ளியம்மாளின் கதைக்கு ஆடியிருக்கிறார்கள். இரங்கல் கூட்டம் போட்டு இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் இத்தனை பேர் வந்திருப்பார்களா? கோடிக்கணக்கான தடவை கேட்டிருப்பார்களா? அந்தப் பாட்டுக்கு யார் எவ்வளவு சொந்தக்காரர், புகழும் பணமும் யாருக்குப் போயின என்று அதைச் செய்தவர்களுக்கிடையே பின்னாளில் மனக்கசப்பு எழுந்து பொதுவெளிக்கு வந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு, கீழே சொல்கிறேன்.

பெரியவர்களே, உங்கள் தயக்கத்துக்குப் பின்னால் நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு காரணமும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 1977இலும் 1981இலும் 1983இலும் நடந்த இனக் கலவரங்களில் இந்த மாவட்டத்துத் தோட்டங்களின் லயங்கள் எரிந்தன. காட்டுக்குள் ஒளிந்தவர்கள், வவுனியாப் பக்கம் போய்த் திரும்பாதவர்கள், திரும்பி வந்து வெறும் சுவரைப் பார்த்தவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்த நீங்கள் சத்தம் போடாமல் இருக்கக் கற்றீர்கள். நாம் இங்கே இருக்கிறோம் என்று ஊருக்குக் கேட்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று உங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அதைச் சுமந்துகொண்டே எங்களைப் படிக்கவைத்தீர்கள். இன்று உங்கள் பிள்ளைகள் பெரிய பொக்ஸ் வைத்து அடி போடும்போது உங்கள் நெஞ்சில் அதிர்வது பேஸ் மட்டும் இல்லை என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்: நம் பிள்ளைகள் தங்கள் மண்ணில், தங்கள் கோயில் வாசலில், உரக்கச் சந்தோஷப்பட்டு வளரட்டும். அயல் கிராமத்துப் பிள்ளைகளையும் கூப்பிட்டு ஆடட்டும்.

இனிப் பெண்களின் பேச்சு. இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான்.

டீஜே இரவில் மைதானத்தின் நடுவில் யார் ஆடுகிறார்கள்? பொடியன்கள். நாங்கள் சுவரோரமாக, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்புக்குள் கால்விரலை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்கிறோம். பழைய காமன் கூத்தில் ரதி வேஷத்தைக்கூட ஆண்தான் கட்டினார். நமக்கென்று இருந்தது கும்மி. வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து, கைதட்டி ஆடுகிற கும்மி. டிஸ்கோவின் இரண்டாவது, நாலாவது அடியில் வருகிற கைதட்டலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அம்மாச்சியின் கும்மிதான் கேட்கிறது. அந்த 808 கருவியைச் செய்தவர்கள் கைதட்டலுக்கென்று தனியாக ஓர் ஒலியையே வைத்தார்கள். ஆட்டத்துக்குக் கைதட்டல் எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கும்மி ஆடிய பாட்டிமாரின் பேத்திகளை ஏன் ஓரத்தில் நிறுத்துகிறோம்?

மலையில் ஏறி இறங்குகிற பெண்ணின் உடம்பை வேலைக்கு மட்டுமே எல்லோரும் கணக்கில் எடுக்கிறார்கள். எத்தனை கிலோ கொழுந்து, எத்தனை மரம் பால். அந்தக் கை கால்களுக்கு மேலே தூக்கி ஆடவும் தெரியும். அதைப் பார்த்துக் கேலி பேசாத, கை வைக்காத, வீட்டில் போய்க் கோள் சொல்லாத ஓர் இடம் வேண்டும். அது கொழும்பு ஹோட்டலில் பணம் கொடுத்து நுழைகிற இடமாக இல்லாமல், நம் கோயில் வாசலாக, நம் ஆட்கள் காவல் இருக்கிற இடமாக இருக்க வேண்டும். டீஜேயை நிறுத்திவிட்டால் குடிக்கிறவர் வேறெங்காவது குடிப்பார். ஆட வாய்ப்புக் கிடைக்க இருந்த பெண்ணுக்குத்தான் அதுவும் இல்லாமல் போகும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. திருவிழாவின் சாமி காரியங்கள் எல்லாம் முடிந்து, மஞ்சள் நீராட்டும் முடிந்த மறுநாள் மாலையை ஆட்டத்துக்கென்று தனியாகத் தாருங்கள். கரகத்துக்கும் தேருக்கும் நடுவில் எங்கள் பாட்டு வேண்டாம். அந்த நேரம் மேளத்துக்கும் தப்புக்கும் உரியது. மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு நிறுத்துவோம். பொலிஸில் எடுக்கிற ஒலிபெருக்கி அனுமதியிலும் அதே நேரத்தைப் போடுங்கள். சுவர் மாதிரி பொக்ஸ் அடுக்கி ஒரே திசையில் அலறவிடுவதைவிட, சின்னப் பொக்ஸ் நாலை மைதானத்தின் நாலு மூலையிலும் உள்பக்கம் பார்க்க வைத்தால் குறைந்த சத்தத்திலேயே ஆடுகிறவர்களுக்கு நன்றாகக் கேட்கும். கனத்த அடி சுவரைத் தாண்டிப் போகிற குணமுள்ளது, ஆகவே பேஸைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். நல்ல பாட்டு அதனால் கெட்டுப்போகாது. குடித்துவிட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், தலைவர் மகனாக இருந்தாலும், உள்ளே விட வேண்டாம். வாசலில் நிற்கிற பொறுப்பை மாதர் சங்கத்து அக்காமார் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மைதானத்தின் முன்பாதி, வெளிச்சம் இருக்கிற பாதி. பெண்ணை இழிவாகப் பாடுகிற பாட்டு ஒன்றுகூட வேண்டாம். அப்படிப்பட்டவற்றை விட்டாலும் விடியும்வரை போட நல்ல பாட்டு இருக்கிறது.

தப்பு வாத்தியார்மாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தப்பு அடிப்பதை ஒரு சாதியின் வேலை என்று தள்ளிவைத்து, அடித்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்திய வழக்கம் நம் தோட்டங்களிலும் இருந்தது. முற்றாக ஒழிந்துவிட்டது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. அந்த அவமானத்துக்குப் பயந்து எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் கருவியைத் தொட மாட்டேன் என்றார்கள். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி என்று கைக்குள் வைத்திருக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறை அடித்து ஆடுகிறார்கள். இங்கேயும் அது நடக்க வேண்டும். ஆட்ட மாலையைத் தொடக்கிவைப்பது தப்பு வாத்தியாராக இருக்கட்டும். நெருப்பில் காய்ச்சிய தப்போடு அவர் மேடைக்கு வந்து அரை மணி நேரம் அடிக்கட்டும். அவர் அடியின் மேலேயே டீஜே தன் அடியை ஏற்றட்டும். இரண்டும் ஓடுகிற வேகத்தைப் பொருத்துவது டீஜேக்குக் கஷ்டமான காரியம் இல்லை. டீஜேக்கு எவ்வளவு கூலியோ வாத்தியாருக்கும் அவ்வளவு கூலி. ஒலிபெருக்கியில் அவர் பெயரை முழுப் பெயராக, மரியாதையோடு சொல்ல வேண்டும். யார் பாட்டு, யாருக்குப் பங்கு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லி வைத்துவிட வேண்டும் என்று மேலே குறிப்பிட்ட பாட்டின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

பொடியன்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறோம். பேண்ட்லேப் போன்ற செயலிகள் இலவசமாகவே போனில் கிடைக்கின்றன. ஒலிப்பதிவு செய்யலாம், அடி போடலாம், மெட்டு அடுக்கலாம். இறக்குவானை, பெல்மதுளை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிற தப்புக்காரர்களின் அடிகளையும் பாட்டிமாரின் கும்மிப் பாட்டுகளையும் அவர்களின் சம்மதத்தோடு பதிவு செய்து, அவற்றின் மேல் நாலு அடி போட்டு, நம் பிள்ளைகளே பாட்டுகள் செய்யட்டும். இரத்தினபுரித் தோட்டத்திலிருந்து ஒரு டிஸ்கோ வர முடியும் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். நம் கதையை அரக்கோணத்திலிருந்து ஒரு பேரன் பாடினார். இங்கேயே இருக்கிற பேத்திகளுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. முதல் பாட்டு கரடுமுரடாக இருக்கும். அதையும் அந்த மாலையில் போட்டு ஆடுவோம்.

செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். கொழும்பில் வேலை செய்கிற எங்கள் தோட்டத்துப் பெண்கள் சேர்ந்து பொக்ஸ் வாடகையையும் வாத்தியாரின் கூலியையும் ஏற்றுக்கொள்கிறோம். போடப்போகிற பாட்டுகளின் பட்டியலைக் கூட்டத்துக்கு முன்பே உங்கள் கையில் தருவோம். வேண்டாதது எது என்று நீங்கள் சொல்லலாம், ஏன் என்று நாங்கள் கேட்போம். அடுத்த திருவிழாக் கூட்டத்தில் பேச எங்களுக்கும் இடம் வேண்டும். மூன்று பெண்கள் வருவோம். கூட்டம் எந்த ஞாயிறு என்று குறித்தவுடன் சொல்லி அனுப்புங்கள், முன்கூட்டியே லீவு கேட்க வேண்டும்.

அன்போடும் மரியாதையோடும்,
உங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருத்தி